ஆயில் வீட்டம்மாவின் கை

"நீ எங்கம்மா கிளம்பற?"

மகன் குவோசெங் கேட்டான். யுவேஷியா கண்ணாடி முன் நின்று தலை சீவிக்கொண்டிருந்தாள். நூறு நாளாகத் துக்கத்துக்கு அடையாளமாகக் காதுக்கு மேல் செருகியிருந்த வெள்ளை நூல் பூவை நேற்றுக் காலையில்தான் எடுத்து எரித்திருந்தார்கள். பூ இருந்த இடத்தில் முடி அழுந்திக் கிடந்தது. சீப்பால் எத்தனை முறை இழுத்தாலும் எழும்பவில்லை.

"இன்னிக்கு வியாழக்கிழமை" என்றாள்.

"வியாழக்கிழமைன்னா என்ன? அப்பாவே இல்ல. அங்க உனக்கு என்ன வேலை?"

அவன் கையில் தகப்பனாரின் நீலக் கோட்டு இருந்தது. சங்கத்துக் கோட்டு. அதன் ஒரு கை நீளம் குறைந்து தொங்கியது. மறு கையைக் குறைப்பதற்கு மருமகள் ஷூபின் தையல் மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். மாமியாரும் கணவனும் பேசுவது காதில் விழாதவள் போலவே கோத்தாள்.

"ஸ்டீல் சித்தப்பா நேத்தே எல்லாம் பேசி முடிச்சிட்டாரும்மா. இன்னிக்குச் சங்கத்துல என்னை எடுத்துக்கப்போறாங்க. பன்னண்டே முக்காலுக்கு ஓட்டு. நீ ஒரு மணிக்கு வந்தாப் போதும். அப்பாவோட பேட்ஜை நீயே என் கோட்டுல குத்திவிடணுமாம். போட்டோ எடுப்பாங்க. அப்புறம் ஷூபின் உன்னை வீட்ல கொண்டாந்து விட்டுடுவா."

"அப்ப இனிமே நீதான் ஆயில்."

"ஆமா."

"ஷூபின் ஆயில் வீட்டம்மா."

"அது வழக்கம்தானேம்மா."

"அப்ப நான் யாரு?"

குவோசெங் சிரித்துவிட்டான். "நீ எங்கம்மா. வேற யாரு?"

தப்பான பதில் இல்லை. ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எங்கேயும் போய் ஒரு நாற்காலியில் உட்கார முடியாது. யுவேஷியா சீப்பை வைத்தாள்.

"கறுப்பு எள்ளு எவ்வளவு நேரம் வறுக்கணும், தெரியுமா உனக்கு?"

"அதுக்குத்தான் நீ இருக்கியே."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். மணி பதினொன்றரைதான் ஆகியிருந்தது.

எங்கள் ஊரில் அந்தச் சங்கத்துக்குச் சர்க்கார் பதிவில் ஒரு நீளமான பெயர் உண்டு. யாரும் சொல்வதில்லை. வியாழன் சங்கம் என்றால் கடல்தாய் மாட்சு கோயில் வாசலில் மீன் விற்பவளுக்கும் தெரியும். ஒரு தொழிலுக்கு ஒரே ஓர் ஆள் என்பது அதன் விதி. உள்ளே வந்தவுடன் அப்பன் வைத்த பெயர் வாசலோடு நின்றுவிடும். இரும்புக் கம்பி விற்பவர் ஸ்டீல், மருந்துக்கடைக்காரர் மெடிசின், பல் வைத்தியர் டூத். பெரிய மனிதர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல ஒருவரை ஒருவர் பட்டப்பெயரில் கூப்பிட்டுக் கொள்வதில் அவர்களுக்கு ஒரு ஆனந்தம். அவர்கள் மனைவிமாருக்குத் தனிப் பெயர் தேவைப்படவில்லை. ஸ்டீல் வீட்டம்மா, மெடிசின் வீட்டம்மா, டூத் வீட்டம்மா.

லின் தியென்ஃபூ எண்ணெய் ஆலைக்காரர், ஆகையால் ஆயில். ஆலையை நடத்தியது யுவேஷியா. எள் வாங்குவது, வறுவல் பார்ப்பது, பிழிவது எல்லாம் அவள். சங்கத்துக்குப் போவது அவர். இந்த வேலைப் பங்கீட்டில் இரண்டு பேருக்குமே புகார் இருந்ததில்லை. இருபது வருடத்தில் ஒரு வியாழக்கிழமையைக்கூட அவர் தவறவிட்டதில்லை என்பது சங்கத்தின் பெருமை. வெளியூர் போனால் அந்த ஊர்ச் சங்கத்தில் உட்கார்ந்துவிட்டு, வந்ததற்குச் சீட்டு வாங்கிவந்துவிடுவார்.

அப்புறம் அவருக்கு வாதம் வந்தது. பேச்சும் வலது பக்கமும் போய்விட்டன. ஆஸ்பத்திரிக்கு வந்த சங்கத்தார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அழுகை அடங்கியதும், "வருகை விட்டுப் போகக்கூடாதே" என்று முதலில் கவலைப்பட்டவர் ஸ்டீல்தான்.

அன்று முதல் இரண்டு வருடம், நூற்று நான்கு வியாழக்கிழமைகள், யுவேஷியா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள். சங்கம் கூடும் ஓட்டலின் ஆட்கள் நான்கு பேர் நாற்காலியோடு அவரை மாடிக்குத் தூக்குவார்கள். வாசலில் இருக்கும் வருகைப் பதிவேட்டில் அவள் அவர் பெயரை எழுதுவாள். இரண்டாம் மேஜையில் ஒரு நாற்காலியை எடுத்துவிட்டு அவருக்கு இடம் பண்ணியிருப்பார்கள். அவளுக்கென்று இடம் கிடையாது. அவர் தோளுக்குப் பின்னால் நிற்பாள், கால் கடுத்தால் சுவரோரத்து மரப்பெட்டியில் உட்காருவாள். சங்கப் பாட்டு பாடும்போது அவர் காதோரம் குனிந்து அவருக்காக முணுமுணுப்பாள். மீனின் முள்ளை எடுத்து ஊட்டுவாள். அவர் தட்டில் மிஞ்சியதைக் கடைசியில், எல்லாரும் டீ குடிக்கும்போது, ஆறினது ஆறினபடி சாப்பிடுவாள். யாரும் அவளைச் சாப்பிடாதே என்று சொல்லவில்லை. சாப்பிடு என்றும் யாருக்கும் தோன்றவில்லை.

தலைவர் தேர்தல் வந்தது. ஸ்டீலும் டூத்தும் நின்றார்கள். கைதூக்கி ஓட்டு. ஸ்டீலுக்குப் பதினைந்து, டூத்துக்குப் பதினைந்து. மிச்சம் ஆயில் ஒருவர்தான், அவரோ மோவாயை நெஞ்சில் பதித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, அண்ணன் கையைக் கொஞ்சம் தூக்கிவிடுங்களேன்! அவரு மனசுல இருக்கிறது எனக்குத் தெரியாதா?" என்றார் ஸ்டீல்.

கூடமே சிரித்தது. யுவேஷியா கணவரின் இடது கையை மணிக்கட்டில் பிடித்துத் தூக்கினாள். பதினாறு. ஸ்டீல் தலைவரானார். வெண்கலத் தகடுகள் கோத்த சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முதல் வேலையாக ஆயிலின் கன்னத்தில் முத்தம் கொடுத்தார்.

அதற்கப்புறம் அது வழக்கமாகிவிட்டது. ஓட்டென்று வந்தால் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். முதலில் சில தடவை அவர் காதில் கேட்டுப் பார்த்தாள். அவர் மீன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்பதை விட்டுவிட்டு, பேசுவதைக் கவனிக்கத் தொடங்கினாள். கோயில் சதுக்கத்தில் மணிக்கூண்டு கட்டுவதா, நடுநிலைப் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குக் கக்கூஸ் கட்டுவதா என்று ஒரு வியாழன் முழுக்கச் சண்டை நடந்தது. அவள் அந்தப் பள்ளியில்தான் படித்தவள். மதியத்துக்கு மேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவளுக்கு மறக்கவில்லை. கணவரின் கையைத் தூக்கினாள், அவர் முனகும் அளவுக்கு உயரத் தூக்கினாள். ஒரு ஓட்டில் கக்கூஸ் ஜெயித்தது. இன்றைக்கும் அதன் வாசலில் கல் இருக்கிறது. முப்பத்தொரு ஆண்களின் பெயர் இருக்கிறது.

ஆலை இரைச்சலில் நாற்பது வருடம் வாழ்ந்தவள் அவள். ஒரு கூடத்தில் உட்கார்ந்து, ஊருக்கு எது வேண்டுமென்று யோசிக்கும் பழக்கம் அவளுக்கு ஐம்பத்தைந்து வயதில் வந்தது. வந்த பழக்கம் அவர் செத்ததும் போய்விடவில்லை.

சவ ஊர்வலத்துக்கு முப்பது பேரும் நீலக் கோட்டில் வந்தார்கள். இருபத்திரண்டு வருடம் தவறாத வருகைக்கென்று பெட்டியின் மேல் தங்கமுலாம் பதக்கம் வைத்தார்கள். கடைசி நூற்று நான்கு வியாழனும் அதில் சேர்த்தி. அதற்கப்புறம் ஒருவரும் வரவில்லை. துக்க வீட்டுப் பெண் நல்ல காரியம் நடக்கிற இடத்துக்கு வரலாமா என்றார்கள். அவளும் நூறு நாள் பொறுத்தாள். மனைவிமார் சங்கத்திலிருந்து ஸ்டீல் வீட்டம்மா டெலிபோனில் கூப்பிட்டு, "நம்ம விதிப்படி, புருஷன் மெம்பரா இருந்தாத்தான் அக்கா..." என்று இழுத்தாள். அப்புறம் கடைத்தெருவில் எதிரே வந்தால், கூடையில் எதையோ தேடுவாள்.

வியாழன் வந்தால் பன்னிரண்டு மணிக்கு யுவேஷியாவுக்கு எதுவும் ஓடாது. வறுவல் கூடத்தில் கைவேலையை நிறுத்திவிட்டு நிற்பாள். இப்போது பாட்டு முடிந்திருக்கும், இப்போது சூப்பு வந்திருக்கும், இப்போது மெடிசின் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு வருகைக் கணக்கைப் படிப்பார் என்று நினைத்துக்கொள்வாள். புருஷன் போன துக்கம் ஒன்று. இது வேறு. இதை யாரிடமும் சொல்லி அழ முடியாது, சொன்னால் சிரிப்பார்கள். ஒரு நாள் எள்ளே கருகிவிட்டது. அவள் கையில் எள் கருகியதை ஆலைக்காரர்கள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

ஓட்டல் மாடிப்படியை இன்று தனியாக ஏறினாள். தள்ளுவதற்கு எதுவும் இல்லாமல் கைகள் இரண்டும் என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கின.

பதிவேட்டின் பக்கத்தில், சங்கத்துக் குறிப்பு எழுதும் மெடிசின் நின்றிருந்தார். அறுபத்தெட்டு வயது, யாருக்கும் கெட்டது நினைக்காதவர், நல்லதும் வாய்விட்டுச் சொல்லாதவர்.

"தங்கச்சி... ஒரு மணிக்குன்னுல்ல சொன்னாங்க?"

"தெரியும் மெடிசின் அண்ணே."

"பையனுக்கு நல்ல நாள். நீ கீழ உக்காந்து ஒரு டீ குடிச்சா..."

"கீழ யாரும் இல்லையே அண்ணே. எல்லாரும் இங்கதானே இருக்காங்க."

அவர் பேனாவை எடுத்துப் பதிவேட்டின் மேல் வைத்தார். அவள் உள்ளே போனாள். இரண்டாம் மேஜையில் சக்கர நாற்காலி நின்ற இடம் இன்னும் காலியாகவே இருந்தது. பழக்கதோஷத்தில் ஓட்டல்காரர்கள் அங்கே நாற்காலி போடாமலே விட்டிருந்தார்கள். யுவேஷியா சுவரோரத்து மரப்பெட்டியைப் பார்த்தாள். அதன் மேல் யாரோ குடையை வைத்திருந்தார்கள். ஒரு நாற்காலியை இழுத்துவந்து காலி இடத்தில் போட்டு உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் இருந்தவர் தேநீர்க் கோப்பையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். அந்தப் பக்கத்தவர் அதற்கப்புறத்தவரோடு ரொம்ப முக்கியமாக எதையோ பேச ஆரம்பித்தார்.

மணி அடித்தது. எல்லாரும் எழுந்து பாடினார்கள். அவளும் எழுந்து பாடினாள். இத்தனை நாள் முணுமுணுத்த பாட்டு, இன்று குரலோடு வந்தது. ஆண்குரல்களுக்கு நடுவே அது தனியாகக் கேட்டது. முதல் மேஜையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

பன்னிரண்டே முக்காலுக்கு ஸ்டீல் எழுந்தார். குவோசெங் வந்து வெளியே படிக்கட்டில், குட்டையாக்கிய கோட்டோடு நின்றிருந்தான். ஓட்டு முடியும்வரை புதியவர் வெளியேதான் நிற்க வேண்டும்.

"நம்ம ஆயில் இல்லாத குறை நம்ம எல்லாருக்கும் தெரியும்" என்று தழுதழுத்தார் ஸ்டீல். "அந்த இடம் ஆயில் குடும்பத்தை விட்டு வெளியே போகக்கூடாது. தகப்பன் பேரைப் பிள்ளை வெச்சிக்கிறான். நம்ம வழக்கப்படி ஒருத்தர்கூட எதிர்க்காம இருந்தாத்தான் புது ஆள உள்ள எடுப்போம். சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க."

முப்பது கைகளும் எழுந்தன.

"எதிர்க்கிறவங்க?"

இதைப் பாட்டுப் போலச் சொல்லிவிட்டு மணியை எடுக்கப் போவது வழக்கம். ஸ்டீலின் கை மணியின் மேல் இருந்தது. அப்போதுதான் பார்த்தார்.

யுவேஷியா கையைத் தூக்கியிருந்தாள். எண்ணெய் ஊறி நகக்கண் கறுத்த வலது கை.

"அண்ணி, இது பையனுக்கான ஓட்டு."

"தெரியும் தம்பி. எம்புள்ளதானே."

"அதில்ல... நீங்க கை தூக்கக்கூடாது. மெம்பர்தான் தூக்கணும்."

"இவ்வளவு நாள் தூக்கினேனே."

"அது அண்ணன் கை!"

"அண்ணன் கை எங்க தம்பி தூக்குச்சு? அது பாட்டுக்கு மடியில கெடந்துச்சு. தூக்குனது நான்."

யாரோ இருமினார்கள். பல் வைத்தியர் டூத் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த ஒரு ஓட்டில் தோற்றவர் அவர்.

"ஏன்மா இப்படி?" படிக்கட்டுப் பக்கம் கதவு திறந்து குவோசெங்கின் முகம் தெரிந்தது. "உனக்கு என்னதான் வேணும்?"

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிள்ளை ஆசைப்பட்டதைத் தடுக்கிறோமே என்றிருந்தது. ஆனாலும் கை இறங்கவில்லை.

"எண்ணெய்க்குன்னு இங்க ஒரு இடம். எண்ணெய் புழியறது யாருன்னு ஊருக்கே தெரியும். நீ இன்சூரன்ஸ் விக்கிறேடா. இன்சூரன்ஸுன்னு ஒரு இடம் போட்டு உள்ள வா, அதுக்கும் நான் கை தூக்கறேன், நீ கேக்காமலே. இது எம் பேரு. எம் பேர என்னக் கேக்காம எடுத்துத் தராதீங்க."

"பொம்பளைங்களச் சேர்க்கிறது நம்ம விதியில இல்ல அண்ணி" என்றார் ஸ்டீல். குரல் தணிந்து, கெஞ்சுவது போல வந்தது. "கையை இறக்குங்க. கை வலிக்கப்போகுது."

"வலிக்கல தம்பி. ரெண்டு வருஷம் அவரு கையோட கனத்தையும் சேர்த்துத் தூக்கின கை இது. வெறுங்கைதானே இப்ப." அவள் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். "இந்தக் கை செல்லாதுன்னா சொல்லிடுங்க, இறக்கிடறேன். ஆனா அன்னிக்குத் தூக்கினதும் இதே கைதான். அந்தப் பதினாறாவது ஓட்டும் செல்லாது. உங்க கழுத்துல கெடக்கிற சங்கிலியும் செல்லாது."

ஸ்டீலின் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. டூத் வாயைத் திறந்தார், என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார். சங்கிலி தனக்கு வந்தாலும் அதற்கு ஒரு பெண்ணின் கை செல்லும் செல்லாது என்று பேசியாக வேண்டுமே. நாட்டில் இனி யார் வேண்டுமானாலும் கட்சி ஆரம்பிக்கலாம், வருகிற டிசம்பரில் பெண்கள்கூடத் தேர்தலில் நிற்கப்போகிறார்கள் என்று அதே மேஜைகளில் போன வாரம் பெருமையாகப் பேசியவர்கள்தான் எல்லாரும். அந்த முப்பது பேரில் ஒருவருக்கும் அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஸ்டீல் மணியை அடித்தார். வழக்கமாக ஒரு தடவை. இன்று மூன்று தடவை.

"கூட்டம் ஒத்திவைக்கப்படுது."

அப்படி ஒரு கூட்டம் கலைந்ததை எங்கள் ஊர் கண்டதில்லை. கோட்டை மாட்டியவர், குடையை எடுத்தவர், கடையில் அவசர வேலை ஞாபகம் வந்தவர். கால்மணியில் கூடம் காலி. குவோசெங் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு படியிறங்கினான். அவன் செருப்புச் சத்தம் கீழ்வரை கேட்டது.

மூன்று மேஜைகளிலும் மீன் தொடாமல் கிடந்தது. யுவேஷியா கையை இறக்கினாள். தோள் விண்ணென்று வலித்தது. இத்தனை பெரிய கூடத்தில் தன் மூச்சு தனக்கே கேட்கும் என்று அவள் நினைத்ததில்லை. வீட்டில் இன்று மகன் பேசமாட்டான். நாளைக்கும் பேசமாட்டான். கடைத்தெருவில் ஸ்டீல் வீட்டம்மா மட்டுமல்ல, இனி எல்லா வீட்டம்மாக்களும் கூடைக்குள் தேடுவார்கள். அவளுக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொண்டாள்.

மேஜை நடுவில் சுழலும் கண்ணாடிப் பலகையைத் தள்ளி மீனைத் தன் பக்கம் கொண்டுவந்து, நடுச்சதையை எடுத்துத் தட்டில் வைத்தாள். அந்தக் கூடத்தில் அவள் முதன்முதலாகச் சாப்பிட்ட, யாருடைய மிச்சமும் இல்லாத சாப்பாடு அது.

வாசலில் நிழலாடியது. மெடிசின், பதிவேட்டை மார்போடு அணைத்தபடி.

"குறிப்பு எழுதி முடிக்கணும் தங்கச்சி. இன்னிக்கே எழுதலேன்னா விதிப்படி..."

"எழுதுங்க அண்ணே."

அவர் நின்றபடியே எழுதினார். ரொம்ப நேரம் எழுதினார். கிளம்பும்போது தயங்கி, பதிவேட்டை அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டு பக்கமும் இடிக்காம எழுதியிருக்கேன். தலைவருக்கும் பாதகம் இல்ல, உன் கையையும் விட்டுடல. பாரு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள். அழகான எழுத்து. *சம்மதம் முப்பது. எதிர்ப்பு ஒன்று: ஆயில். இவ்வார வருகை முப்பத்தொருவர், நூற்றுக்கு நூறு.*

அதாவது, செத்து நூற்றொரு நாளான லின் தியென்ஃபூ இன்று சங்கத்துக்கு வந்திருந்தார். தன் மகனை எதிர்த்துக் கை தூக்கினார். சுடுகாட்டிலிருந்து எழுந்து வருவது அவர்கள் விதிக்கு ஒத்துவந்தது.

"வேற எப்படி எழுதறது, நீயே சொல்லு" என்றார் மெடிசின். உண்மையாகவே கேட்டார்.

"பேனாவக் குடுங்க அண்ணே."

ஆயில் என்றிருந்ததன் மேல் ஒரு கோடு கிழித்தாள். மேலே எழுதினாள்: ஷூ யுவேஷியா. பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடு கல்யாணத்துக்கு முன்னால் இருந்த பெயர், முன்னால் லின் இல்லாமல். பள்ளிக்கூடத்தில் எழுதிய கை, கடைசி எழுத்தை அழுத்தி முடித்தது.

மெடிசின் அதைப் பார்த்தார். கோடு போட்டு அடிக்கவும் இல்லை, சரி என்றும் சொல்லவில்லை. "அடுத்த வாரம் என்ன பண்றது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

"அடுத்த வாரமும் வியாழக்கிழமை வருமில்ல அண்ணே" என்று பேனாவின் மூடியைத் திருகி அவரிடம் கொடுத்துவிட்டு, அவள் மறுபடி சாப்பிட ஆரம்பித்தாள்.